கைக்குழந்தையும் கிரிக்கெட் ஸ்கோரும்

வீட்டில் நான்கு மாதக் குழந்தை. தீர்த்தமலை வட்டார அணிகளின் ஸ்கோரை இணையத்தில் ஏற்றும் பொறுப்பும் என்னிடம். இரண்டுக்கும் நடுவே எக்ஸெல் எப்படிக் கைகொடுக்கிறது என்று பார்ப்போம்.

பந்துக்குப் பந்து கணக்கு மைதானத்தில் நோட்டில்தான். கம்ப்யூட்டரில் ஒவ்வோர் ஓவரை ஏற்றியதும் கண்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தி சேவ் செய்துவிடுங்கள். அழுகை கேட்டால் அப்படியே எழுந்து போகலாம்.

ஓவரை 17.4 என்று டைப் செய்யாதீர்கள். அதனுடன் 2.3 ஓவரைக் கூட்டினால் எக்ஸெல் 19.7 என்று காட்டும். சரியான விடை 20.1. ஓவருக்கு ஆறு பந்து என்பது அதற்குத் தெரியாதே! 106, 15 என்று பந்துகளாகவே ஏற்றுங்கள். மொத்தம் 121. ஆறால் வகுத்தால் ஈவு 20 ஓவர், மீதி 1 பந்து.

அடுத்தது சரிபார்ப்பு. பேட்ஸ்மேன்களின் ரன்களோடு உதிரிகளைக் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். பெனால்டி ரன் இல்லாத ஆட்டத்தில், பவுலர்கள் கொடுத்த ரன்களோடு பை, லெக் பை சேர்த்தாலும் அதே எண்தான். வைடும் நோபாலும் பவுலர் கணக்கிலேயே அடங்கும்; மறுபடி கூட்டக் கூடாது. ஒரு ரன் இடித்தாலும் ஏற்றாதீர்கள். ஆடிய பையனுக்கு அது 49-ஆ, 50-ஆ என்ற விஷயம்.

1993-ல் சைமன் கிங் தொடங்கிய கிரிக்இன்ஃபோவும் பல நாட்டுத் தன்னார்வலர்கள் பங்கு போட்டு ஸ்கோர் டைப் செய்து வளர்ந்ததுதான். நம் பத்ரி சேஷாத்ரியும் அவர்களில் ஒருவர். நானும் பைலை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, அரூர் நண்பருக்குத் திருத்தும் அனுமதி கொடுத்திருக்கிறேன். தடுப்பூசி போடும் நாளில் மீதி ஓவர்கள் அவர் பாடு.