ஈப்போவிலிருந்து பாதுவாவுக்கு: இத்தாலியில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சில வீட்டுக் குறிப்புகள்

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் கைமாறி, பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது எங்கள் குடும்பம் ஈப்போ புந்தோங்குக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்துதான் முதுகலை படிக்க இத்தாலியின் பாதுவா நகருக்குப் போனேன். அந்தோணியார் கோயில்களில் ‘பதுவை’ என்று சொல்வார்களே, அதே ஊர். இந்த ஆண்டு என் அண்ணன் மகள் கிளம்புகிறாள். அவளுக்காக ஒரு நோட்டில் எழுதியவற்றில் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவக்கூடியதை இங்கே தருகிறேன். பாடத்தைப் பல்கலைக்கழகம் சொல்லித் தந்துவிடும். வீட்டை நடத்தத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு இத்தாலி பிடிபட்டதே அடுப்படி வழியாகத்தான்.

1. இளங்கலைக்குப் போவதாக இருந்தால் எஸ்பிஎம் மட்டும் போதாது. இத்தாலியில் 12 ஆண்டு பள்ளிப்படிப்பு கேட்பார்கள். நம்முடையது 11 ஆண்டில் முடிகிறது. எஸ்டிபிஎம் அல்லது அடித்தளப் படிப்பை முடித்துவிட்டுப் போங்கள்.

2. பெட்டி கட்டும்போது அம்மா வறுத்துத் தரும் ஆட்டிறைச்சியையும் நெய் போத்தலையும் வெளியே எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோக முடியாது. மீனுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை அனுமதி. நெத்திலியை இரண்டு உறை போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். நிழலில் உலர்த்தி, வெறும் சட்டியில் லேசாக வாட்டிப் பொடித்துக்கொள்வது நல்லது. சான்றிதழ் தேவைப்படாத பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். டுரியானைப் பார்த்ததும் ஆசைப்பட வேண்டாம். பெரும்பாலான விமானங்களில் அதை ஏற்ற மாட்டார்கள்.

3. நம் ஊர் ரைஸ் குக்கர் அங்கே நன்றாக வேலை செய்யும். இரு நாட்டு மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதிர்வெண் இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் பொருந்தாது. நமக்கு மூன்று தட்டைக் கால், அவர்களுக்கு ஒரே வரிசையில் மூன்று உருண்டைக் கால். மாற்றுப் பிளக் இரண்டை ஈப்போவிலேயே வாங்கி, ஒன்றைக் கைப்பையில் வையுங்கள்.

4. இறங்கிய 8 வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு, ‘பெர்மெஸ்ஸோ தி சோஜோர்னோ’வுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்ப உறை தபால் நிலையத்தில் கிடைக்கும். அதில் ஒட்ட 16 யூரோ முத்திரைத் தலை வேண்டும். அதைத் தபால் நிலையத்தில் தேடி அலையாதீர்கள், வெளியே பெரிய ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் கேளுங்கள். அட்டை கைக்கு வரப் பல மாதம் ஆகும். அதுவரை தபால் ரசீதுதான் உங்கள் ஆதாரம். கடப்பிதழோடு சேர்த்து வைத்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கையோடு ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ என்ற 16 எழுத்து வரி எண்ணையும் வாங்கிவிடுங்கள். இலவசம்தான். வீட்டு ஒப்பந்தத்துக்கு அது இல்லாமல் முடியாது.

5. வீட்டுக் கதவைச் சாத்தினால் அதுவாகவே பூட்டிக்கொள்ளும். வெளியே திருகும் பிடி இருக்காது. குப்பை போடப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். இரண்டாம் வாரமே நான் வீட்டுச் செருப்போடு, கையில் வெறும் வாளியோடு மாடிப்படியில் நின்றேன். எதிர்வீட்டுச் சிஞ்ஞோரா, எழுபது வயதிருக்கும், ஒரு வார்த்தையும் கேட்காமல் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். வீட்டுத்தோழி வரும்வரை இரண்டு மணி நேரம் அவர் அடுப்படியில்தான் இருந்தேன். கீழே நான் சொல்லும் பலவற்றை அவரிடம் கற்றுக்கொண்டேன்.

6. மின்சாரத்தைப் பங்குபோட்டுச் செலவழிக்கப் பழகுங்கள். அங்கே சாதாரண வீட்டுக்கு 3 கிலோவாட்தான் இணைப்பு. தண்ணீர்க் கெண்டி ஒன்றே 2 கிலோவாட் இழுக்கும், ஓவனும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வீடு இருட்டாகிவிடும். மீட்டர் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும்; இறங்கிப்போய்த் தூக்கிவிட வேண்டும். துணி துவைக்கும்போது இஸ்திரி வேண்டாம், ஓவன் எரியும்போது முடி உலர்த்த வேண்டாம். தோட்டத்து லயத்தில் ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்து வேலையை முடித்த அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. போனில் சொன்னதும், “அப்போ சட்டை தேய்க்கிறத முதல்ல முடிச்சிரு” என்றார்.

7. கோப்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எந்த வீட்டு அடுப்பிலும் எட்டுப்பட்டை வைத்த ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் இருக்கும். பெயர் மோக்கா. 1933-ல் அல்ஃபோன்சோ பியாலெத்தி கொண்டுவந்தது. கீழ்ப்பாத்திரத்தில் ஒரு வால்வு தெரியும். தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். சல்லடையில் தூளைக் குவித்து, விரலால் மேலே தடவிச் சமன்செய்தால் போதும், அமுக்கக் கூடாது. நன்றாக முறுக்கி, சின்னத் தீயில், மூடியைத் திறந்துவைத்து நில்லுங்கள். முதலில் கறுப்பாக ஒரு நூல் இறங்கும், பிறகு தேன்நிறம். கொறகொற என்று இரைச்சல் வந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வருவது கசப்பு.

மோக்காவைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். நான் நன்றியோடு சிஞ்ஞோராவின் மோக்காவைத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். அவர் முகம் வாடிப்போனது. வெந்நீரில் அலசி, பிரித்துக் காயவைத்தால் போதும். நம் ஊர்ச் சுவை வேண்டுமென்றால், அங்கே டின்பால் பற்பசைபோல டியூபிலும் வரும். ஈப்போ வெள்ளைக் கோப்பிக் கொட்டையை மார்ஜரினில் வறுப்பார்கள், அந்த மணம் இதில் வராது. ஆனாலும் மழைநாளில் மோக்கா கோப்பியும் டின்பாலும் மனத்தைத் தேற்றும்.

8. வெளியே கோப்பி குடிக்க ‘பார்’ என்ற பலகை உள்ள கடைக்குப் போகலாம், தயங்க வேண்டாம். அது நம் கோப்பிக் கடை மாதிரித்தான். நின்று குடித்தால் ஒரு விலை, பல இடங்களில் உட்கார்ந்தால் கூடுதல். ‘லாத்தே’ என்று கேட்டால் வெறும் பாலைத் தருவார்கள். கப்புச்சினோவைக் காலைப் பசியாறலோடு முடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

9. கடையில் நம் சாமான்கள் வேறு பெயரில் இருக்கும். ‘செமொலினோ’ நம் ரவை. வறுத்துவிட்டால் உப்புமா உதிரியாக வரும். ‘ஃபரீனா தி சேச்சி’ கடலை மாவு. ‘தொப்பியோ ஸீரோ’ மைதா. ‘லென்திக்கியே ரோஸ்ஸே’ மைசூர்ப் பருப்பு. ரிசொத்தோவுக்கு விற்கும் ஆர்போரியோ அரிசி சோற்றுக்கு ஆகாது, குழைந்துவிடும். ஆனால் வெண்பொங்கலுக்கு அதைப்போல ஓர் அரிசியை நான் பார்த்ததில்லை. உளுந்தும் கடுகும் பெரும்பாலும் ரயில் நிலையத்தை ஒட்டிய இலங்கை, வங்காளதேசக் கடைகளில் கிடைக்கும்.

10. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வையுங்கள். இரவு வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். வீட்டுத்தோழிகளுக்குத் தெரிய கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், யாராவது பீட்சாவுக்குச் சூடேற்றிவிடப் போகிறார்கள்.

11. பேரங்காடியில் பழம் எடுக்குமுன் அங்கேயே இருக்கும் பிளாஸ்டிக் கையுறையைப் போட வேண்டும். பெரும்பாலும் தராசில் எண்ணை அழுத்தி விலைச்சீட்டை ஒட்டுவதும் நம் வேலை. சந்தையிலோ கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். நம் ஊரில் கத்திரிக்காயை அமுக்கிப் பார்ப்பதுபோல அங்கே தொடாதீர்கள்.

12. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நான்கு சொல்லை மனப்பாடம் செய்யுங்கள்: மான்சோ மாடு, வித்தெல்லோ கன்று, பிரெசாவோலா உலர்த்திய மாட்டிறைச்சி, ராகு பெரும்பாலும் மாடும் பன்றியும் சேர்ந்த கறி. சைவப் பிள்ளைகள் ‘ஸ்த்ரூத்தோ’வையும் கவனியுங்கள். அது பன்றிக்கொழுப்பு, பியாதினா ரொட்டியில்கூடச் சேர்ப்பார்கள். முன்கூட்டியே சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை.

13. கடைக்குள் நுழைந்ததும் ‘பொன்ஜோர்னோ’, வெளியே வரும்போது ‘அரிவெதேர்ச்சி’. ஒன்றும் வாங்காவிட்டாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருளைக் கேட்டால் மரியாதைக் குறைவு. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு: ‘தூ’ நண்பர்களுக்கு, ‘லேய்’ பெரியவர்களுக்கு. மலாயிலும் ஆங்கிலத்திலும் யோசிக்காமல், தமிழில் யாரை நீங்கள் என்போமோ அவர்களை ‘லேய்’ என்று அழையுங்கள், தவறு வராது.

14. மொழி பயப்படும்படி இல்லை. இரட்டை மெய்யை அழுத்திச் சொல்வது ஆங்கிலம் பேசுபவர்களுக்குக் கடினம். நமக்குப் ‘பனி’யும் ‘பன்னி’யும் வேறு என்பது பிறவியிலேயே தெரியும். அதனால் ‘நொன்னோ’ (தாத்தா), ‘நோனோ’ (ஒன்பதாவது) குழப்பம் வராது. சொற்கள் உயிரெழுத்தில் முடிவதும் நாம் ‘பஸ்ஸு’, ‘காரு’ என்பதுபோலத்தான். எதிர்த்திசையில் வந்தவரை நினைத்துக்கொள்வேன்: மாந்துவா அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்த பெஸ்கி, 1710-ல் இந்தியா வந்து, நம் வீரமாமுனிவராகி, 1732-ல் சதுரகராதி தந்தார். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாடு அவர் செய்தது. வகுப்பில் யாராவது தமிழ் என்ன மொழி என்று கேட்டால் இவரிலிருந்து தொடங்குங்கள்.

15. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தால் இனிப்புக் கடையில் சிறு கேக்குகள் ஒரு தட்டு வாங்கி, காகிதம் சுற்றி நாடா கட்டித் தரச் சொல்லிக் கொண்டுபோங்கள். பாஸ்தாவோடு வயிற்றை நிரப்பிவிடாதீர்கள், அது முதல் சுற்றுதான்.

16. ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டுச் சன்னலை மூடிவைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். எவ்வளவு குளிராக இருந்தாலும் காலையில் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். கெண்டியில் படியும் சுண்ணாம்புக்கு வினிகரும் தண்ணீரும் சமமாக ஊற்றிக் கொதிக்கவிட்டு அலசுங்கள்.

17. படிப்பு அலுத்துப்போனால் பாதுவாவின் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். 1545-ல் அமைத்தது. அங்கே 1585-ல் நட்ட ஒரு குட்டைப் பனை கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. விசிறியோலை, நம் பனையின் சாயல். கோலாகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் தொட்டுப் பார்த்தவள் நான். இந்தப் பனையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். தாத்தா பாட்டி சீவிய மரங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று அங்கேதான் முதன்முறையாக அழுதேன்.

18. குளிர்காலத்தில் மலேசியா 7 மணி நேரம் முன்னால், கோடையில் 6. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரம் மாறும். குளிர்காலத்தில் உங்களுக்கு இரவு பத்து என்றால் இங்கே விடிகாலை ஐந்து. தோட்டத்தில் பெரட்டுக்கு (விடிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு) போய்ப் பழகிய அம்மாக்கள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். அந்த நேரத்தில் கூப்பிடுங்கள், முதல் மணியிலேயே எடுப்பார்கள்.