சாமைக்குள் கிலுகிலுப்பை

போன தை மாசம் நடந்தது இது. பசுந்தாள் உரத்துக்குக் கொழுஞ்சி விதை தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்குவானேன் என்று ஏரிக்கரையிலும் தரிசிலும் காய்ந்து நின்ற செடிகளை இரண்டு சாக்கு நிறைய அறுத்து வந்து களத்தில் கொட்டினேன். விதையைத் தட்டி எடுத்தபின் மிச்சத்தைக் கோழிகளுக்கு விட்டுவிடலாம் என்று எண்ணம். களையெடுக்க வரும் அம்மா ஒரு கொத்தை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார்.

"சத்தம் கேக்குதா சார்? இதுல பாதி கொழுஞ்சியே இல்ல, கிலுகிலுப்பை. மொதல்ல கோழிய வெரட்டுங்க."

வங்கியில் கள்ளநோட்டுக் கண்டுபிடிக்கப் பழகியவன் நான். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து நோட்டை முடிவு செய்யக்கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். செடி விஷயத்தில் நானே ஏமாந்து நின்றேன்.

இலையிலிருந்து ஆரம்பிப்போம். கொழுஞ்சியில் ஒரு காம்பின் இருபக்கமும் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றின் நுனியைப் பிடித்து இழுங்கள். நேராகக் கிழியாமல் அம்புமுனை போலப் பிய்ந்து வரும். கிலுகிலுப்பையில் பல வகை உண்டு. ஒரு வகைக்குத் தனி இலை, நுனி மழுங்கி நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். இன்னொன்றுக்கு மூன்று மூன்றாக இலை. பெரும்பாலும் பூ மஞ்சள். நீலமும் வெள்ளையும் கலந்து பூப்பதும் உண்டு. ஆகவே இலையும் நிறமும் மட்டும் போதாது. பூவின் அடி இதழ்களைப் பாருங்கள், கிளிமூக்கு மாதிரி வளைந்து முனை கூராக இருக்கும். காய் ஊதிப் பருத்திருக்கும், காய்ந்தால் உள்ளே விதை உருளும். கொழுஞ்சிக் காயோ தட்டை, லேசாக வளைந்தது, உப்பாது. நாம் விதைக்கும் சணப்பையும் கிலுகிலுப்பைக்குக் கூடப்பிறந்ததுதான் என்பதால் பூவும் காயும் ஒரே சாயலில் இருக்கும். சணப்பையை மடக்கி உழுவதில் தப்பில்லை. விதையை மட்டும் மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். மலைச்சரிவு முழுக்க ஊதாப் பூக்கதிர். "நம்ம ஊர் கிலுகிலுப்பையாப்பா?" என்று கேட்டான். அது லூபின். அதுவும் அவரைக் குடும்பம்தான். ஆனால் அதன் இலை ஒரே புள்ளியிலிருந்து விரித்த விரல்கள் போல ஐந்துக்கும் மேலாகப் பிரியும். அங்கே அதை மேய்ந்து ஆடுகள் செத்திருக்கின்றன. சில வகைகளைச் சினைமாடு குறிப்பிட்ட மாதத்தில் தின்றால் கால் கோணிய கன்று பிறக்கும். நஞ்சு வேறு வேறு என்றாலும், அழகான கதிரைப் பார்த்து மயங்கக்கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொது.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் கோழி இல்லை, சாமை.

1970-களின் நடுவில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் (இப்போது சத்தீஸ்கர்) மலைவாழ் மக்களுக்கு வயிறு வீங்கியது, கல்லீரல் பெருத்தது. 67 பேர் பாதிக்கப்பட்டு 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது கோண்ட்லி, அதாவது நம்ம சாமை. சாமையில் குற்றமில்லை. அதோடு வயலில் முளைத்த சின்னக் கிலுகிலுப்பை ஒன்றின் விதை தானியத்தோடு கலந்துவிட்டது. கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும் நஞ்சு அந்த விதையில் இருக்கிறது. சமைத்தாலும் அதை நம்பி விட்டுவிட முடியாது. சாப்பிட்ட அன்றைக்கே வாந்தி வந்தால் சுதாரித்துக்கொள்ளலாம். இது நாள்கணக்கில் உள்ளே சேர்ந்து பிறகுதான் காட்டும்.

நம்ம ஜவ்வாது மலையிலும் சாமைதான் பெரிய பயிர். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் வழியிலேயே பார்க்கலாம். இங்கே அப்படி ஒன்று நடந்ததாக நான் சொல்லவில்லை. களைக்கொல்லி அடிக்காத நம் வயலில் எல்லாச் செடியும் முளைக்கும், அது நமக்குப் பெருமையும்கூட. அதனால் எது எதுவென்று தெரிந்துகொள்ளும் வேலையும் நம்முடையதாகிறது. பயிர் நிற்கும்போதே, பூ தெரியும் சமயத்தில் ஒரு நடை நடந்து கிலுகிலுப்பையைப் பிடுங்கிவிடுங்கள். கதிரோடு சேர்த்து அறுத்துவிட்டால் அப்புறம் பாடுதான். பெரிய வகையின் விதை சல்லடையில் தங்கிவிடும். குட்டையாக வளரும் வகைக்கு விதையும் பொடி. வாங்குகிறவர்கள் ஒரு பிடி சாமையை வெள்ளைத்தாளில் பரப்பிப் பாருங்கள். சாமை மணி முட்டை வடிவம். கிலுகிலுப்பை விதை ஒருபக்கம் குழிந்து, முந்திரிப்பருப்பைச் சுருக்கினது போல வழவழப்பாக இருக்கும்.

இதற்காக ஊரில் உள்ள கிலுகிலுப்பையை எல்லாம் வெட்டிச் சாய்க்க வேண்டாம். காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும், வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும் வகைகளும் அதில் உண்டு. காய்ந்த செடியில் நீலமும் கறுப்புமாக வரி போட்ட வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம். பெட்டையைக் கவரும் வாசனைக்கு ஆண்பூச்சிகள் அந்த நஞ்சைத்தான் உறிஞ்சுகின்றன. என் வரப்பில் நாலைந்து செடி விட்டிருக்கிறேன். காய் முற்றும் முன் அறுத்துத் தென்னைக்கு மூடாக்காகப் போட்டுவிடுவேன். கோழிகளைத் தென்னை பக்கம் விடுவதில்லை.