சிதறால் மலையேறும் பெரியவர்கள் கவனத்துக்கு

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் இருக்கிறது சிதறாலின் திருச்சாணத்து மலை. பிள்ளைகளுக்கு இங்கே அறிவுரை வேண்டாம். கல் பாவிய பாதையைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். கீழே சொல்வதெல்லாம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு.

செய்ய வேண்டியவை

• கூட வருபவர்களில் மிகச் சிறிய ஆளை முன்னால் விடுங்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று அவரே முடிவு செய்யட்டும். கால் மணி நேரம் எறும்பு பார்க்க வேண்டியிருந்தால் பாருங்கள். மேலே இருக்கும் சமணச் சிற்பங்கள் 9-ஆம் நூற்றாண்டுக்காரர்கள், ஓடிவிட மாட்டார்கள்.

• வழியில் ஒரு பாட்டி "எங்கேருந்து வாறிய மக்களே?" என்று கேட்டால் ஊர்ப் பேரை மட்டும் சொல்லி நழுவாதீர்கள். ஐம்பது வயதுக்காரரும் இங்கே 'மக்களே'தான். அடுத்து வீட்டில் யார் யார், என்ன வேலை என்று வரும். சொல்லுங்கள், நீங்களும் கேளுங்கள். பெருநகரத்தில் விசாரணையாகத் தெரிவது இங்கே உபசாரம்.

• அம்பிகை சிற்பத்தின் முன்னால் கூடுதல் நேரம் நில்லுங்கள். தீர்த்தங்கரர் நேமிநாதரின் இயக்கி, அதாவது காவல் தெய்வம், கூடவே இரண்டு பிள்ளைகள், ஒரு சிங்கம். சமணர் கதைப்படி, திதிக்குச் சமைத்த சோற்றை, வாசலில் வந்து நின்ற துறவிக்கு முதலில் எடுத்துப் போட்டவள் இவள். அதற்காகக் கணவன் வீட்டைவிட்டுத் துரத்தினான். பிள்ளைகளோடு வெளியேறியவள் பிறகு இயக்கியானாள். துரத்தியவன்தான் சிங்கமாகப் பிறந்து அவளுக்கு வாகனமானான் என்பார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், சிங்கம் வரும் இடத்தில் சிரிப்பார்கள். எனக்கும் அந்த இடம்தான் பிடிக்கும்.

• பாறைமேல் சும்மா உட்காருங்கள். கீழே தென்னை, ரப்பர், தூரத்தில் தாமிரபரணி. (நெல்லைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். இது குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகும் வேறு ஆறு.)

• குடும்பப் படம் எடுக்க வேண்டுமா? செல்ஃபி குச்சியை வீட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுங்கள். பேச்சு தானாக வரும்.

செய்யக்கூடாதவை

• கல்லில் பேர் கிறுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பேர்கள் இருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்திகள் பொன் அணிகள் கொடுத்தார், கல்வெட்டில் ஏறினார். நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? தொல்லியல் துறை காக்கும் இடம் இது. சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• "தலைக்கு மேல எதுக்கு மூணு குடை?" என்று பிள்ளை கேட்டால், தெரிந்த மாதிரி கதை விடாதீர்கள். "தெரியலியே, உனக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். தீர்த்தங்கரரின் முக்குடையைப் பற்றி ராத்திரி சேர்ந்து படித்துக்கொள்ளலாம்.

• சமணர் பள்ளியா, பகவதி கோயிலா என்ற வழக்கை மேலே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் பகவதி வந்தாள். தீர்த்தங்கரர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

• ஈரப் பாறையில் பிள்ளைகளோடு ஓட்டப் பந்தயம் வேண்டவே வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலோ அக்டோபரிலோ வந்தால் தேய்ந்த ரப்பர் செருப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.