திண்ணைத் தோழர்களும் தங்குமிடத்துக் குழந்தைகளும்

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் கூரை வேய்ந்த ஓரிடம் இருந்தது. ‘சுஃப்பா’ என்பது அதன் பெயர். நாம் திண்ணை என்போம். வீடும் உற்றாரும் இல்லாத ஏழைத் தோழர்கள் அங்கே தங்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர்.

இந்தத் திண்ணை எப்படி நடந்தது என்பதை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். ஒரு செல்வந்தர் தனித்து நடத்தவில்லை. தோட்டக்காரர்கள் பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து பள்ளியில் தொங்கவிட்டார்கள். இருவருக்கு உணவுள்ளவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லும்படி நாயகம் அவர்கள் பணித்தார்கள். உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் குர்ஆனும் எழுத்தும் கற்பித்தார்கள். அவரிடம் படித்த ஒருவர் ஒரு வில்லை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, அதை ஏற்பது பற்றி நாயகம் அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். சிலர் மட்டமான குலையைத் தொங்கவிட்டதும் உண்டு. அதைக் கண்டித்தே அல்பகறா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுவர். விற்காமல் கிடக்கும் சரக்கை ரமலானில் தர்மக் கணக்கில் தள்ளிவிடும் கடைக்காரர் அந்த வசனத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்!

சிங்கப்பூரிலும் வீடிழந்த குடும்பங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடங்கள் உண்டு. அரசாங்கத்தின் துணையோடு தொண்டு நிறுவனங்கள் அவற்றை நடத்துகின்றன. அங்கு வரும் பிள்ளைக்குத் தலைக்குமேல் கூரை கிடைத்துவிடுகிறது. ஆனால் பழைய பள்ளிக்கூடம் தூரமாகிவிடலாம். அமைதியாகப் படிக்க ஒரு மேசை கிடைப்பது அரிது. தாயோ நாளெல்லாம் வேலைக்கும் வீட்டுக்கும் அலைகிறாள். பெருநாளைக்கு நாம் அனுப்பும் பிரியாணிப் பொட்டலம் இவற்றுள் எதைத் தீர்க்கும்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஆக்னஸ் ஸ்டீவன்ஸ் 1993இல் ‘ஸ்கூல் ஆன் வீல்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வீடற்ற பிள்ளை ஒன்றுக்குத் தொண்டர் ஒருவர். வாரத்துக்கு ஒரு மணி நேரப் பாடம். பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஆசிரியர் போகிறார்; பள்ளிப் பையும் எழுதுபொருளும் கொடுக்கிறார்கள். பெரிய மூலதனம் இல்லை. வாரந்தோறும் தவறாமல் போவதே அதன் முதல்.

நம்மிடையே புத்தகக் கடைக்காரர் உண்டு, ஜவுளிக்காரர் உண்டு, உணவுக்கடைக்காரர் உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒருவர் நோட்டும் பேனாவும், ஒருவர் பள்ளிச் சீருடை, ஒருவர் மாலைச் சிற்றுண்டி, ஒருவர் பிள்ளைகளின் பஸ் செலவு என்று ஆளுக்கொன்றாக ஏற்கலாம். மாணவர்கள் வாரம் ஒரு மாலை கணக்கும் தமிழும் மலாயும் சொல்லிக் கொடுக்கலாம். எது தேவை என்பதை நாமே முடிவு செய்யாமல், தங்குமிடத்தை நடத்துவோரிடம் முதலில் கேட்க வேண்டும். பிள்ளைகளோடு பழகுவோர் யார் யார் என்பதையும் அவர்களே விசாரித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

கொடுக்கும் பையில் கடைப்பெயர் அச்சிட வேண்டாம். ஒரே மாதிரிப் பையைச் சுமந்து வகுப்புக்குள் போகும் பிள்ளை எங்கிருந்து வருகிறான் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு அன்றே தெரிந்துவிடும். புகைப்படமும் அவ்வாறே. ஆறு மாதம் தவறாமல் வர இயலாத மாணவரைப் பாடம் நடத்த அனுப்பாமல், சாமான் சுமக்க அனுப்புவோம். இரண்டு வாரம் வந்து நின்றுபோகிறவரால், ஏற்கெனவே பலவற்றை இழந்த பிள்ளைக்கு இன்னுமொரு இழப்புத்தான்.