ரம்புட்டான்: விதை வேண்டாம், ஒட்டுக்கன்று போதும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ரம்புட்டானைத் தின்றதும் விதையை முற்றத்தில் ஊன்றத் தோன்றும். வேண்டாம். விதைக்கன்றுகளில் ஏறத்தாழ பாதி ஆண்மரங்கள், பூக்கும், காய்க்காது. அதுவும் பல ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். ஒட்டுக்கன்றோ 3-4 ஆண்டில் காய்க்கும். தாய்மரத்துச் சுவையும் மாறாது. விலை அதிகமே என்பீர்கள். ஒரே மரத்துக்கு இடமுள்ள வீட்டில் அந்த இடத்தை இழப்பதுதான் பெருநஷ்டம். மங்குஸ்தான் விதையிலேயே வருகிறதே என்றால், அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றி உருவாவதால் கன்று தாயைப் போலவே இருக்கும்; ரம்புட்டானுக்கு அது பொருந்தாது.

மழைத்தண்ணீர் தேங்கும் கிழக்கேகோட்டைப் பகுதியில் மண்ணை மேடாக்கி நடுங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுங்கள். பழம் சிவக்கும் முன்பே வலை போட்டால் வௌவால் அண்டாது.