தடுப்பூசிப் பகிர்வும் அரசு நிதியும்

கோவிட் நோயின் இரண்டாம் அலை கடுமையாக வீசிய வேளையில், 2021 மே 14 முதல், 18 வயதிலிருந்து 44 வயது வரையுள்ளோருக்கு அரசு நிலையங்களில் தடுப்பூசி போடுவதைக் கர்நாடக அரசு தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. மருந்துத் தட்டுப்பாடே காரணம். ஆலைத் தொழிலைச் சார்ந்து வளர்ந்ததும், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் வாழ்வதுமான பெங்களூர் ஸ்ரீராம்புரத்திற்கும் இவ்வாணை பொருந்திற்று. நம் மக்களுக்கே இல்லாத மருந்தை அயல்நாடுகளுக்கு ஏன் அனுப்பினோம் என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான விடையை ஏற்றுமதிக் கணக்கில் மட்டும் தேடுவது போதாது.

பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் 2021 ஜனவரி 20 அன்று மருந்து அனுப்பியதோடு 'வாக்சின் மைத்ரி' தொடங்கிற்று. இரண்டாம் அலையின்போது ஏற்றுமதி நிற்கும்வரை ஏறத்தாழ 6.6 கோடி டோஸ் வெளியே சென்றது. இதில் இந்தியா நன்கொடையாக வழங்கியது 1.07 கோடி மட்டுமே. அதாவது ஆறில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. பாதிக்கு மேற்பட்டது வாணிக விற்பனை. எஞ்சிய ஏறத்தாழ 2 கோடி, ஏழை நாடுகளுக்கும் மருந்து கிட்டச் செய்யும் 'கோவாக்ஸ்' என்ற பன்னாட்டு ஏற்பாட்டின் வழியே சென்றது. மே நடுவில் நாட்டில் போடப்பட்டிருந்த 18 கோடி டோஸுடன் ஒப்பிடுகையில் 6.6 கோடி என்பது சிறு அளவன்று. எனினும், வயதுவந்தோர் 94 கோடிப் பேருக்கு இரு டோஸ் வீதம் 188 கோடி தேவைப்பட்டது. அத்தேவையில் இது நூற்றுக்கு நான்குகூட ஆகாது.

உண்மையான குறை, பணம் சென்றடைந்த காலத்தில் உள்ளது. மருந்து பயன் தருமா என்று உறுதியாகுமுன்பே அமெரிக்க அரசு 2020 மே மாதத்தில் ஆஸ்ட்ராசெனகா நிறுவனத்திற்கு 120 கோடி டாலர் வரை தர முன்வந்தது. கோவாக்ஸ் ஏற்பாட்டிற்காகக் கவி என்ற தடுப்பூசிக் கூட்டமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளையும் 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் புனே சீரம் நிறுவனத்திற்கு 30 கோடி டாலர் வரை உறுதியளித்து, 20 கோடி டோஸுக்கு வழி செய்தன. விலை டோஸுக்கு 3 டாலருக்கு மேற்படாது. இந்திய அரசோ 2021 ஜனவரியில்தான் தன் முதல் கொள்முதலைச் செய்தது. கோவிஷீல்டு 1.1 கோடி, கோவாக்சின் 55 லட்சம் என்பதே அதன் அளவு. பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் தடுப்பூசிக்கென 35,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எனினும் சீரம் நிறுவனத்திற்கு 1,732.50 கோடி ரூபாயும் பாரத் பயோடெக் நிறுவனத்திற்கு 787.50 கோடி ரூபாயும் முன்பணமாக விடுவிக்கப்பட்டது ஏப்ரல் 28 அன்று. அலை ஓங்கிய பின்னர்!

மருந்து உற்பத்தி பணத்தைக் கண்டவுடன் பெருகுவதன்று. கோவாக்சின் ஒரு தொகுதி, உற்பத்தி தொடங்கி மக்களைச் சென்றடைய ஏறத்தாழ 120 நாள் ஆகும் என அந்நிறுவனமே கூறிற்று. அந்நிறுவனத்தின் பெங்களூர்த் தொழிற்கூடத்தைக் கோவாக்சின் உற்பத்திக்கு ஏற்ப மாற்றியமைக்க மைய அரசு 65 கோடி ரூபாய் அளவில் மானியம் வழங்கியது. திட்டம் சரியானதே, ஆனால் அது அறிவிக்கப்பட்டது 2021 ஏப்ரலில்.

இத்தாமதத்தின் சுமை பிற நாடுகள் மீதும் விழுந்தது. இந்தியா அளித்த கோவிஷீல்டைக் கொண்டு பூட்டான் 2021 மார்ச் 27 முதல் இரு வாரங்களுக்குள் வயதுவந்தோரில் மிகப் பெரும்பாலோருக்கு முதல் டோஸைப் போட்டு முடித்தது. இரண்டாம் டோஸுக்கோ ஜூலை வரை காத்திருந்து, அமெரிக்கா, டென்மார்க் முதலிய நாடுகளின் உதவியைப் பெற நேர்ந்தது. ஜனவரியில் 5 லட்சம் டோஸ் பெற்ற இலங்கையிலும் முதல் டோஸ் போட்டுக்கொண்ட பல லட்சம் பேர் இவ்வாறே காத்திருந்தனர். ஜப்பான் அனுப்பிய மருந்து ஜூலை இறுதியில்தான் வந்தது. மே, ஜூன் மாதங்களுக்குள் கோவாக்ஸுக்கு 19 கோடி டோஸ் குறையும் என்று யூனிசெஃப் மே மாதத்திலேயே எச்சரித்திருந்தது. ஒரே நாட்டின் ஓரிரு ஆலைகளை உலகமே நம்பியிருந்ததும் இதற்கொரு காரணம் என்பதை மறுக்கவியலாது.

ஸ்ரீராம்புரத்துத் தொழிலாளியும் பூட்டான் உழவரும் ஒரே மருந்திற்குப் போட்டியாளராக நின்றது, உற்பத்தித் திறனுக்கான முதலீடு முன்னரே செய்யப்படாததால் விளைந்தது. 2020இன் நடுவிலேயே மைய அரசு பெருங்கொள்முதல் உறுதியும் ஆலை விரிவாக்க மானியமும் அளித்திருப்பின், மருந்து தோல்வியுற்றால் அப்பணம் வீணாகியிருக்கும் என்பது மெய். தணிக்கைத் துறையின் கேள்விக்கு அதிகாரிகள் அஞ்சுவதும் இயல்பே. அத்தகைய இழப்பை ஏற்கும் நிதி விதி நம்மிடம் இல்லை. கோவாக்ஸுக்கான இந்திய ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது 2021 நவம்பர் 26 அன்று. நாட்டில் 100 கோடி டோஸ் போடப்பட்டு ஒரு மாதத்திற்கு மேலான பின்னர்.