பாட்டைக் காத்தவர்கள்

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. உழைத்து வாழ்ந்த மக்களுக்கும் வரலாறு உண்டு. எழுத்தறியாத அவர்கள் தங்கள் இன்ப துன்பங்களைத் தாலாட்டாகவும் கும்மியாகவும் ஒப்பாரியாகவும் பாடிச் சென்றனர். பாடியவர் மறைந்தால் பாட்டும் மறைந்துவிடும். அதை எழுதிக் காத்தவர்களுள் பலர், அம்மக்களோடு வாழ்ந்த ஆர்வலர்களே.

இலங்கை மலையகத்தைச் சேர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை அவர்களுள் ஒருவர். 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த அவர், தொழிற்சங்கவாதியாகவும் எழுத்தாளராகவும் விளங்கினார். 1947இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அம்மக்களின் பாடல்களை அவர் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாகத் தொகுத்தார். 'நாங்கள் இங்கே வாழ்ந்தோம். உழைத்தோம்' என்பதற்கு அப்பாடல்கள் சான்றாக நிற்கின்றன.

தமிழகத்தில் பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் நூலை வெளியிட்டார். ஊர்தோறும் இருந்த ஆர்வலர்கள் அவருக்குப் பாடல்களைத் திரட்டித் தந்தனர். பாடல்களோடு சேகரித்தவர் பெயரும் இடமும் அந்நூலில் குறிக்கப்பட்டுள்ளன. எந்த ஊர்ப் பாட்டு, யார் திரட்டியது என்பது தெரிந்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும்.

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இம்மலைத் தோட்டங்களிலும் தமிழர்கள் கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். இன்று அவ்வேலையைச் செய்வோருள் பலர் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பழைய பாடல்களை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர்.

மாணவர்களே, கோலா தெர்லாவிலோ உங்கள் ஊரிலோ தோட்டத்தில் உழைத்த பாட்டி, தாத்தா இருப்பார்கள். அவர்களை அணுகி, பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர்களின் இசைவு பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், வயது, ஊர், பாட்டு பாடப்பட்ட சூழல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடியவர் 'கொளுந்து' என்று ஒலித்தால் அவ்வாறே எழுதுங்கள். 'கொழுந்து' எனத் திருத்த வேண்டா. பேச்சுமொழியைத் திருத்தினால் அவர் குரல் மறைந்துவிடும். பொருள் விளங்காத சொல்லுக்கு அவரிடமே விளக்கம் கேளுங்கள்.

இப்பணிக்குப் பட்டம் தேவையில்லை. கேட்கும் பொறுமையும் உள்ளதை உள்ளபடி எழுதும் நேர்மையும் போதும். பாடத் தெரிந்தவர் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.